கூடை இறங்கியது, குப்பம்மா இறங்கவில்லை

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு விண்ணப்பங்கள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் எனக்கு வராது. எங்கள் ரயில்வேப் பென்ஷன்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி வந்து கேட்டபோது வேறு யாரையாவது பாருங்கள் என்று தட்டிக் கழித்தேன்.

அப்புறம் நான் பார்த்த பாயின்ட்ஸ்மேன் வேலையை, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில் பாயின்ட் மாற்றிப் பூட்டும் வேலையை, இப்போது பார்க்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். பேச்சுவாக்கில், "அண்ணா, அந்தக் காலத்துல டோக்கன் டோக்கன்னு சொல்றீங்களே, அது ஆஸ்பத்திரில கையில குடுக்கறாங்களே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலைக்கு வரும்போது அது போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொந்த ஊர் ஜலகண்டாபுரம். தறிக்காரக் குடும்பம். வீட்டில் நாள் முழுக்கத் தறிச் சத்தம் இருக்கும் என்பதால் எல்லாரும் உரக்கப் பேசுவார்கள். நான் ஒருவன்தான் பேசாமல் சைகையில் காலம் தள்ளினேன். ரயில்வேயில் எடுத்தார்கள். கொஞ்ச நாள் பயிற்சி, கொஞ்ச நாள் பெரிய ஸ்டேஷனில் பெட்டி கோக்கும் வேலை. பிறகு ஆத்தூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் ஸ்டேஷனுக்குப் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் நன்றாக இருக்கிறார்கள்.

அது கடற்கரையிலிருந்து புறப்பட்டு சேலம் வரை வரும் பாதை. அப்போது மீட்டர் கேஜ். எங்கள் ஸ்டேஷனில் கடல் கிடையாது. ஒரு பக்கம் மரவள்ளிக் காடு, இன்னொரு பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில். மழை வந்தால் மில் தொட்டியின் புளித்த வாடை பிளாட்பாரம் முழுக்க நிற்கும். ஆனாலும் வாரம் ஒரு நாள் கடல் எங்கள் ஊருக்கு வந்து இறங்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் டோக்கன். ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தபால் பெட்டி போல இரண்டு சிவப்பு இரும்புப் பெட்டிகள் இருக்கும். கிழக்கே உள்ள ஸ்டேஷனுக்கு ஒன்று, மேற்கே உள்ளதற்கு ஒன்று. உள்ளே விளாம்பழம் அளவுக்கு இரும்புக் குண்டுகள். இங்கே உள்ளவரும் அடுத்த ஸ்டேஷனில் உள்ளவரும் மணியடித்து 'லைன் கிளியர்' என்று சம்மதம் சொல்லிக்கொண்டால்தான் ஒரு குண்டு வெளியே விழும். ஒன்று விழுந்துவிட்டால் இரண்டு ஸ்டேஷனிலும் அந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும். அந்தக் குண்டுதான் டிரைவருக்கு அனுமதி. அதைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி, நான் எஞ்சினிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் தாண்டி வந்த பகுதியின் குண்டை வாங்கிக்கொண்டு வந்து பெட்டியில் போட வேண்டும். நிற்கிற வண்டி என்றால் கையில் கொடுப்பேன். நிற்காத வண்டி என்றால் முழங்கையை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்பேன். டிரைவர் போகிற போக்கில் வளையத்தை என் கையில் கோத்துவிட்டுப் போவார். கையில் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போன தடம் இருக்கும். பழகினால் அதுவும் சரியாகிவிடும்.

இந்த வேலைக்கு வாய் தேவைப்படாது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பெரியசாமி சார் என்று ஒருவர் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் நாயைக்கூட, "கொஞ்சம் அக்கட்டால போங்க" என்பார். ஆனால் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டால் வேறு ஆள். தொப்பி இல்லாமல் ஒரு உத்தரவும் போட மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால், இடது கையால் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டுதான் போனில் பேசுவார். உத்தரவு சொன்னால் நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது எல்லா ஸ்டேஷனிலும் உள்ள விதிதான். மற்றவர்கள் தலையை ஆட்டினாலே விட்டுவிடுவார்கள். இவர் விட மாட்டார்.

"ஒன்றாம் லைனில் வண்டி. பாயின்ட் பூட்டிச் சாவி கொண்டாங்க. என்ன சொன்னேனுங்க?"

நான் சொல்வேன். எனக்கே கேட்காது.

"கேக்கலீங்க சாமி," என்று ஒரு அடி பின்னால் போவார். கிட்டே வர மாட்டார். கேட்காவிட்டால் இன்னும் பின்னால் போவார். முதல் மாதம் அப்படிப் போய்ப் போய்ப் பிளாட்பாரத்தின் கடைசியில் இருக்கும் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டு காதுக்குக் கையைக் குவித்தார். டிக்கெட் வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். வேறு வழி இல்லாமல் கத்தினேன். "கேக்குதுங்க," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது.

அப்படி என் தொண்டை ரயில்வேக்கு மட்டும் திறந்தது. ஸ்டேஷன் வேலிக்கு வெளியே பழையபடிதான்.

இனி சந்தை. எங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே, தண்டவாளத்தைத் தாண்டி, வாரச் சந்தை கூடும். அன்றைக்குக் காலை வண்டியில் கடலோரத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கருவாட்டுக் கூடையோடு வருவார்கள். வண்டி நின்றதும் கடைசிப் பெட்டியில் இருந்து கூடைகள் இறங்கும். அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒருத்தி பெட்டியிலேயே நின்று எல்லோர் கூடையையும் கீழே இறக்கிக் கொடுக்க வேண்டும். கடைசியில் தன் கூடையைக் கொடுத்துவிட்டு அவள் இறங்குவாள். வண்டி நிற்பது இரண்டு நிமிடம். வண்டியோடு வரும் கார்டுகளும் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். கடைசிக் கூடை தரையைத் தொட்டதும் பச்சைக் கொடியை எடுப்பார்கள். கூடை இறங்கினால் ஆளும் இறங்கின மாதிரிதான் என்று கணக்கு.

அந்தக் கூட்டத்தில் குப்பம்மாவும் அஞ்சலையும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சந்தையில் ஒரு புளியமரம் இருந்தது. அதன் நிழலில் யார் கடை போடுவது என்பதில் வந்த சண்டை. நான் அந்த ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னாலேயே வந்தது. அஞ்சலை வாய்க்காரி. குப்பம்மா அவ்வளவு பேச மாட்டாள். ஆனால் வீம்பு இரண்டு பேருக்கும் ஒரே எடைதான். கடைசியில் நிழலில் அஞ்சலை உட்கார்ந்தாள். குப்பம்மா வேண்டுமென்றே அவளுக்கு எதிரிலேயே வெயிலில் சாக்கை விரித்தாள்.

நான் சொல்ல வந்த நாள், ஆவணியின் கடைசி நாள். அன்றைக்கே சந்தையும் விழுந்தது. மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. எங்கள் பக்கத்தில் புரட்டாசி பிறந்துவிட்டால் பாதி வீடுகளில் மீன் கருவாடு அடுப்பேறாது. ஆகவே அந்தக் கடைசிச் சந்தையில் விற்றதை வைத்துத்தான் அந்தப் பெண்கள் ஒரு மாதம் ஓட்ட வேண்டும். அன்று எல்லோருமே வழக்கத்தைவிடப் பெரிய கூடையாகக் கொண்டுவந்திருந்தார்கள். இறக்கிக் கொடுக்கும் முறை அன்று குப்பம்மாவுக்கு.

எனக்கு இரவு டூட்டி. அந்த வண்டியோடு முடிகிறது. எஞ்சின் பக்கம் டோக்கன் மாற்றிக்கொண்டிருந்தேன். வண்டி ஊதிவிட்டு நகர்ந்தது. பழைய டோக்கனோடு திரும்பி நடந்தபோது கடைசிப் பெட்டி என்னைக் கடந்தது. வாசலில் குப்பம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சும்மாட்டுத் துணியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டே போனாள். என்ன கத்தினாள் என்பது சக்கரச் சத்தத்தில் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் எல்லோரும் அவரவர் கூடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒரு கூடை மட்டும் தனியாக இருந்தது.

பெரியசாமி சார் உடனே அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அது ஆத்தூர். ஒரு கருவாட்டுக்கார அம்மா வாசலில் நிற்பார், இறக்கி விடுங்கள், கூடை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். செல்போன் எல்லோர் கையிலும் வராத காலம். ஆத்தூரில் இருந்து எங்கள் ஊருக்குக் காலையில் போன பஸ் போனதுதான். அடுத்தது நடுப்பகலில். அதற்குள் சந்தை கலைந்துவிடும்.

கூடையைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னார். உள்ளே வைத்தால் அறை முழுக்க வாடை. எங்கள் வீட்டில் மீன் கறி புழங்குவதில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். "என்னா சார், உள்ள கொண்டு போய் வச்சுட்டீங்க?"

"பயணி விட்டுட்டுப் போன சாமானுங்க அம்மா. அவங்க வர்ற வரைக்கும் நாங்க பாத்துக்கோணும்."

"வர்றப்ப சந்தையில ஈதான் இருக்கும். யாரு வாங்குவா?"

"கெட்டுப்போற சாமானா இருந்தா ஸ்டேஷன் மாஸ்டர் விக்கச் சொல்லலாம்னு விதி இருக்குதுங்க. பால், காய், பச்ச மீனு. இது கருவாடு. கெடக்கூடாதுன்னுதானுங்களே காய வெக்கறது."

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கூடையில கெடாது சார். பொரட்டாசியில கெடும். நாளைக்கு இத எவன் ஊட்டு வாசல்ல எறக்கச் சொல்றீங்க? திருப்பி எடுத்துட்டுப் போனா அங்க வாங்க யாரு இருக்கா? அங்க ஊரே காய வச்சிருக்குது. ஐப்பசி வரைக்கும் மழையில நனைஞ்சி புழு வச்சிரும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"என் கூடைய எறக்கப் போய்த்தான் சார் அவ மாட்டிக்கிட்டா. மூஞ்சிக்கு நேரா போயி வாங்கக் கூடாதுன்னு நான் தள்ளி நின்னேன். எல்லாரும் வாங்கினப்பறம் மொல்லப் போனேன். அதுல நேரம் போயிருச்சி. கடைசியா தன் கூடையக் குடுத்துட்டு சும்மாடு எடுக்கக் குனிஞ்சா, வண்டி எடுத்துட்டான்."

சார் மேசை மேல் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"சரிங்க. கெட்டுப்போற சாமான்தானுங்க. நீங்களே வித்துக் குடுத்துருங்க."

"நானா? அவ கூடையில நான் கை வெக்கறதா? அப்பறம் ஒரு நெத்திலி கொறஞ்சாலும் அஞ்சல தின்னுட்டான்னு குப்பம் பூரா சொல்லுவா. நான் தொட மாட்டேன். வேற யாரும் தொட மாட்டாங்க. உங்க ஆள அனுப்புங்க. வெல நான் சொல்றேன்."

சார் என்னைப் பார்த்தார். "டூட்டி முடிஞ்சுதுங்களா மாரிமுத்து?"

"முடிஞ்சுதுங்க சார்."

"கூடைய எடுத்துட்டுப் போயி, இவங்க சொல்ற வெலைக்கு வித்துட்டு, சந்தை முடிஞ்சதும் கூடையோட வாங்க. என்ன சொன்னேனுங்க?"

திருப்பிச் சொன்னேன். அன்று அவர் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. எனக்குத்தான் கால் பின்னால் போனது.

காக்கிச் சட்டையோடு, தலையில் கருவாட்டுக் கூடையோடு தண்டவாளத்தைத் தாண்டினேன். குப்பம்மாவின் வெயில் இடத்தில் சாக்கை விரித்தேன். எதிரே நிழலில் அஞ்சலை தன் கடையை விரித்துக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டாள். நெத்திலியைத் தனியாகக் கூறு கட்டு, வாளையைப் படுக்க வை, சென்னாகுனியை, அந்தப் பொடி இறாலை, சிந்தாதே. விரல் நுனியால் எடுத்து எடுத்து வைத்தேன். "கொடிக்காரரே, அது கடிக்காது. செத்துப் பல நாளாச்சி," என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்கள் வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அடுத்த கடைக்குப் போனார்கள். விற்கிறவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் யார் நிற்பார்கள்? சேகோ மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் மட்டும் நின்றார்.

"ஏம்பா, டேசன்ல கொடி புடிக்கறவன்தான நீ? கவர்மெண்டுல சம்பளம் நிறுத்திட்டானா?"

எனக்கு முகம் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவர வம்புக்கு இழுக்காத. நெத்திலியப் பாரு," என்று எதிரில் இருந்து அஞ்சலை விரட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "யோவ், வாயத் தொற. ரயிலுக்கு மட்டுந்தான் கத்துவியா? அவளுக்கு வயசுக்கு வந்த பொண்ணு ரெண்டு இருக்குது. ஒரு மாசம் என்னாத்த திங்கும் அதுங்க?"

கூடை பாதிகூடக் குறையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே குரல் சாருக்குத் திருப்பிச் சொல்லும் குரல்தான். கண்ணை வேப்பமரத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்று கத்தினேன்.

"நெத்திலி ஒரு கூறு பத்து ரூபா. ஒன்றாம் லைன் கிளியர்."

என் வாயில் அது எப்படிச் சேர்ந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பழக்கம். சந்தை முழுக்க ஒரே சிரிப்பு. மூட்டைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்ப வாள எத்தனாவது லைனுப்பா?" என்றார்.

"ரெண்டாம் லைன்," என்றேன். சொல்லிவிட்டேன், இனி என்ன.

அவர் வாங்கினார். சிரித்தவர்கள் எல்லாம் கிட்டே வந்தார்கள், வந்தவர்கள் வாங்கினார்கள். தக்காளிக்காரன், கோழிக்காரன், எல்லோரும் ஒரு தரம் வந்து லைன் கிளியரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அஞ்சலை தன் கடைக்கு வந்த வழக்கமான ஆட்களைக்கூட, "எனக்கு இருக்கட்டும், அங்க போ, அது நல்ல சரக்கு," என்று என் பக்கம் தள்ளிவிட்டதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். அவள் கூடையில் இன்னும் நிறைய இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா பாக்கற? வெலயச் சொல்லு," என்றாள்.

ஒரு நேரம் நிமிர்ந்து பார்த்தபோது பிளாட்பாரத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில், பெரியசாமி சார் நின்றுகொண்டிருந்தார். தொப்பி இல்லை. காதுக்குக் கையைக் குவித்துக் கேட்டார். பிறகு தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நடுப்பகல் பஸ்ஸில் குப்பம்மா வந்தாள். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. சாக்கில் கொஞ்சம் சென்னாகுனித் தூளும் இரண்டு வாளைத் தலையும் மட்டும் இருந்தன. காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள், காலிக் கூடையைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள். அஞ்சலை வெற்றிலை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

நான் பணத் துணியை நீட்டினேன். பிரிக்காமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாருய்யா வெல சொன்னது?"

நான் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன்.

குப்பம்மா என்னிடமே பேசினாள். "நெத்திலிய பத்து ரூபாய்க்கா குடுத்தீங்க? பன்னெண்டுக்குப் போவும். அவகிட்ட சொல்லுங்க."

"போவும் போவும். நெழல்ல உக்காந்து வித்தா போவும்னு சொல்லு," என்றாள் அஞ்சலை, என்னிடம்.

"நெழல யாரு புடுங்கினதுன்னு கேளுங்க."

சார் சொன்னபடி நான் காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். குப்பம்மா அங்கே வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸில் என் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "தண்ணி வாத்துக்காம ஊட்டுக்குள்ள வராதீங்க," என்றாள். குளித்தேன். மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் வாத்துக்கச் சொன்னாள். மூன்றாவது தரம் கேட்டபோது நான் தூங்காமலே வேறு சட்டை போட்டுக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன்.

சாயங்கால வண்டிக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பிப் போகும்போது கூடையில் மரவள்ளிக் கிழங்கும் புளியும் வாங்கிப் போவார்கள். அதுவும் கனம்தான். வண்டி வந்தது. காலையில் வந்த அதே கார்டுதான். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக் கூடையை வாங்கி வைத்தார்கள். குப்பம்மா மட்டும் தன் கூடையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள். கூடையை ஏற்றினால் தான் நின்றுவிடுவோமோ, தான் ஏறினால் கூடை நின்றுவிடுமோ என்று பயம்.

ஏறி உட்கார்ந்திருந்த அஞ்சலை மறுபடி கீழே இறங்கினாள்.

"கொடிக்காரரே, அவள மொதல்ல ஏறச் சொல்லு. கூடைய நான் தூக்கிக் குடுக்கறேன்."

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. குப்பம்மா ஏறினாள். வாசலில் திரும்பி நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அஞ்சலை கூடையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். காலையில் தொட மாட்டேன் என்ற அதே கூடை. மேலே இருந்த கையும் கீழே இருந்த கையும் கொஞ்ச நேரம் ஒரே விளிம்பில் இருந்தன. பிறகு அஞ்சலையும் ஏறிக்கொண்டாள்.

கார்டு கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கே நடந்து வந்து ஜன்னல் வழியாக ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"இருக்கேன் சார், இருக்கேன்," என்றாள் குப்பம்மா.

"நல்லாப் பாத்துக்குங்க. அப்பறம் அவ கடையில யாரு உக்கார்றது," என்றாள் அஞ்சலை.

வண்டி புறப்பட்டது.

அதற்குப் பிறகு நான் பல ஸ்டேஷன் பார்த்தேன். மீட்டர் கேஜ் அகலப் பாதை ஆனது. சிவப்புப் பெட்டிகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கையில் தடம் விழுவது நின்றது. அது நல்லதுதான், யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை. முழங்கால் ஒத்துழைக்காததால் நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது ஜலகண்டாபுரத்தில் தம்பி வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறேன். அங்கே என் குரல் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிறது என்று வீட்டில் குறைப்படுகிறார்கள்.

மறுநாள் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மறுநாள் புரட்டாசி ஒன்று. காலை வண்டி நேரத்துக்கு வந்தது. சந்தை நாளும் இல்லை, கடைசிப் பெட்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை. சார் தொப்பியை வைத்துக்கொண்டு உத்தரவு சொன்னார். நான் திருப்பிச் சொல்லிவிட்டு டோக்கனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.